கணக்கில் வராதவர்கள்: அசிமோவின் பேரரசும் வளைகுடாவின் முத்தும்

2020 மார்ச் மாதக் கடைசியில் டுபாயின் தேரா பகுதியிலுள்ள அல் ராஸ் வட்டாரத்தை அடைத்தார்கள். ஏப்ரல் 4 ஆம் திகதி முதல் நகரம் முழுவதற்கும் இருபத்துநான்கு மணிநேரத் தடை வந்தது. நாங்கள் வேலை செய்த சாப்பாட்டுக்கடை பூட்டப்பட்டது. சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இலங்கை விமான நிலையமும் வந்திறங்குவோருக்கு மூடப்பட்டிருந்தது. ஆறு கட்டில்களும் ஒரு யன்னலும் உள்ள அறையில் நாங்கள் ஆறு பேர். அரிசியும் பருப்பும் இருந்தன. ஆறு பேரும் குசினிக்காரர் என்பதால் பட்டினி கிடக்கவில்லை. பொழுதுதான் போகவில்லை.

அந்த அறையில் எங்களுக்கு முன்பு இருந்த மலையாளி ஒருவர் விட்டுப்போன பெட்டிக்குள் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஐசாக் அசிமோவ் எழுதிய 'பவுண்டேஷன்' நாவல்கள் மூன்றையும் ஒன்றாகக் கட்டிய பிரதி. முதுகு ஏற்கனவே பிய்ந்திருந்தபடியால் அதை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்தவர். 2009 இற்குப் பிறகு அந்தப் படிப்பை முடிக்க அவருக்கு வாய்க்கவில்லை. அவர் பகலில் வாசிப்பார். இரவில் அதைத் தமிழில் சொல்லுவார். மற்றவர்கள் குறுக்கே விழுந்து கேள்வி கேட்பார்கள். இதை எழுதுகிற கை அவருடையது. கருத்து அந்த அறையினுடையது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

நாங்கள் அகதிகள் என்று சொன்னால் இங்கே யாருக்கும் விளங்காது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் வளைகுடாவின் ஆறு அரசுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. விசாவில் 'சமையல் உதவியாளர்' என்று இருக்கிறது. திரும்பிப் போக முடியாத காரணத்தை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நட்சத்திர மண்டலம் முழுவதையும் ஆளும் ஒரு பேரரசு. பன்னிரண்டாயிரம் வருடம் நிலைத்துவிட்டது. இனியும் நிலைக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஹரி செல்டன் என்ற கணித அறிஞர் மட்டும் அது விழப்போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். விழுந்த பிறகு முப்பதாயிரம் வருடம் இருள். ஆனால் தன்னுடைய திட்டப்படி நடந்தால் அந்த இருளை ஆயிரம் வருடமாகக் குறைக்கலாம் என்கிறார். அதற்காக ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மண்டலத்தின் கடைக்கோடியிலுள்ள ஒரு கிரகத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். மனித அறிவு முழுவதையும் ஒரு கலைக்களஞ்சியமாகத் தொகுக்கவே வந்திருக்கிறோம் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஐம்பது வருடம் கழித்து, கலைக்களஞ்சியம் வெறும் சாட்டு என்று செல்டனே பதிவுசெய்து வைத்த உருவத்தில் வந்து சொல்லுகிறார். அவர்களை அங்கே கொண்டுவந்து வைப்பதுதான் திட்டம்.

செல்டனின் சாத்திரத்துக்கு 'உளவரலாற்றியல்' என்று பெயர் வைத்தோம். அசிமோவ் இரசாயனம் படித்தவர். வாயுவில் ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, வாயு முழுவதும் என்ன செய்யும் என்று சொல்லலாம் என்பதுதான் அவருக்கு அடிப்படை. குசினிப் பாஷையில் சொன்னால், ஒரு அண்டா தண்ணீர் எப்போது கொதிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதில் ஒரு துளி எங்கே போகும் என்று தெரியாது. சாத்திரத்துக்கு நிபந்தனைகள் இரண்டு. கணக்கிடப்படும் மக்கள்தொகை மிகப் பெரியதாக இருக்க வேண்டும். கணக்கு என்னவென்று அந்த மக்களுக்குத் தெரியக்கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைச் சொன்ன இரவு அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மட்டக்களப்புத் தம்பி சிரித்தான். "அப்ப நாங்க அந்தச் சாத்திரத்துக்கு நல்லாப் பொருந்துவம்" என்றான்.

அசிமோவ் 1920 இல் ரஷ்யாவில் பெத்ரோவிச்சி என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வயதில் நியூயோர்க்குக்குக் கொண்டுவரப்பட்டார். தகப்பன் புரூக்ளினில் இனிப்புக்கடை நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டால் மகன் கடையில் நிற்க வேண்டும். அங்கே விற்பனைக்கு இருந்த மலிவுச் சஞ்சிகைகளில்தான் அவர் விஞ்ஞானப் புனைகதையை அறிந்தார். இந்தத் தகவல் எங்கள் அறைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 1941 ஓகஸ்ட் 1 ஆம் திகதி ஒரு சஞ்சிகை ஆசிரியரைச் சந்திக்க நிலக்கீழ் ரயிலில் போகும்போது அவருக்கு இந்தக் கதை தோன்றியது. கையிலிருந்த இசைநாடகப் புத்தகத்தில் ஒரு போர்வீரனின் படத்தைக் கண்டு, படை, பேரரசு, பேரரசின் வீழ்ச்சி என்று யோசனை ஓடியதாம். றோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி எட்வேர்ட் கிப்பன் 1776 முதல் 1788 வரை வெளியிட்ட பெருநூலை அவர் முன்பே வாசித்திருந்தார். அவர் பிறந்த சிமொலென்ஸ்க் பகுதிக்குள் ஹிட்லரின் படைகள் புகுந்ததும் அதே கோடையில்தான். முதற்கதை 1942 மே மாதம் வந்தது. 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களும் வெளிவந்தன.

இப்படியொரு கணக்கைப் போடப் பார்த்தவர் அரபு மொழியில் முன்பே ஒருவர் இருந்தார். வட ஆபிரிக்காவைச் சேர்ந்த இப்னு கல்தூன் 1377 இல் எழுதிய 'முகத்திமா' என்ற நூலில் அரச வம்சங்களின் ஆயுளைக் கணித்தார். கூட்டுணர்வோடு பாலைவனத்திலிருந்து வருகிறவர்கள் நகரத்தைப் பிடிக்கிறார்கள். சுகம் அவர்களைக் கரைக்கிறது. மூன்று தலைமுறையில், அதாவது ஏறத்தாழ நூற்றியிருபது வருடத்தில் முடிந்துவிடுகிறது என்றார். செல்டனுக்குக் கணிதம் இருந்தது. கல்தூனிடம் இருந்தது கண்ணால் கண்ட அனுபவம்.

பேரரசின் தலைநகரம் டிராண்டர் என்ற கிரகம். முழுவதும் உலோகத்தால் மூடப்பட்டது. நாலாயிரம் கோடி சனம். வயல் கிடையாது. இருபது விவசாயக் கிரகங்களிலிருந்து கப்பல் கப்பலாகச் சாப்பாடு வருகிறது. டுபாயில் வேலை செய்கிற குசினிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெங்காயம் இந்தியாவிலிருந்து, அரிசி பாகிஸ்தானிலிருந்து, ஆட்டிறைச்சி அவுஸ்திரேலியாவிலிருந்து. ஐக்கிய அரபு அமீரகத்தின் உணவில் பெரும் பங்கு இறக்குமதிதான். இங்கே வாழ்கிறவர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு அண்மித்தவர்களும் இறக்குமதிதான். ஆனால் டிராண்டரில் கோப்பை கழுவுகிறவர் யார்? மூன்று நாவலையும் புரட்டிப் பார்த்தோம். அமைச்சர்கள், தளபதிகள், வியாபாரிகள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள். கோப்பைகள் தாமாகவே கழுவப்படுகின்றன போலும்.

தடை தளர்ந்த பிறகு ஒரு விடுமுறை நாளில் நாங்கள் நாலு பேர் ராஸ் அல் கைமாவுக்குப் போனோம். அங்கே அல் ஜசீரா அல் ஹம்றா என்று கைவிடப்பட்ட ஒரு முத்துக்குளிப்பு ஊர் இருக்கிறது. பவளக் கல்லால் கட்டிய வீடுகள், பள்ளிவாசல், முற்றங்கள், உள்ளே மணல். 1968 அளவில் சனம் அபுதாபிக்குப் பெயர்ந்துவிட்டது. பேரரசு விழுவதைப் பற்றி இரவிரவாகக் கேட்டுவிட்டு வந்த எங்களுக்கு, உண்மையாகவே விழுந்த ஒன்று அங்கே கண்முன்னால் நின்றது.

எண்ணெய்க்கு முந்திய வளைகுடா முத்தில் வாழ்ந்தது. யூன் முதல் செப்ரெம்பர் வரை பெருங்குளிப்பு. மூக்கில் கவ்வியும் காலில் கல்லும் கட்டிக் குளிப்பவர் இறங்குவார். மேலே நிற்பவர் கயிறு இழுப்பார். கப்பல் தலைவருக்கு நாகுதா என்று பெயர். தமிழிலும் பழக்கமான சொல். குளிப்பு இல்லாத மாதங்களுக்கு அரிசியும் பேரீச்சம்பழமும் வாங்க நாகுதா முற்பணம் கொடுப்பார். அது கணக்கில் ஏறும். பருவம் முடிந்து முத்து விற்றாலும் கடன் முழுதாகத் தீராது. அடுத்த வருடமும் அதே நாகுதாவிடம்தான் குளிக்க வேண்டும். தகப்பன் இறந்தால் கடன் மகனிடம் வரும். குளிப்பவருக்குத் தன் கணக்கு என்னவென்று தெரியாமலே இருந்தது. 1920 களில் பஹ்ரேனில் பிரித்தானியர் கொண்டுவந்த சீர்திருத்தங்களில் முக்கியமானது, ஒவ்வொரு குளிப்பவரிடமும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது. பெரிய நாகுதாக்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மக்களுக்குக் கணக்குத் தெரியக்கூடாது என்ற செல்டனின் நிபந்தனை இங்கே நடைமுறையில் இருந்திருக்கிறது. ஏஜன்சிக்குக் கட்டிய காசை இன்னும் வட்டியோடு அடைத்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தப் புத்தகத்தின் அருமை தெரியும்.

முத்து எவ்வளவு பெறுமதியாக இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம். 1917 இல் நியூயோர்க்கில் நகை வியாபாரி கார்ட்டியே, ஒரு இரட்டை வட முத்துமாலையைக் கொடுத்து ஐந்தாம் அவெனியூவில் ஒரு மாளிகையை வாங்கினார். அந்த மாலைக்கு அப்போது பத்து இலட்சம் டொலர் மதிப்பு. 1957 இல் அதே மாலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டொலருக்குத்தான் ஏலம் போனது. இடையில் நடந்தது என்ன?

அசிமோவின் இரண்டாவது நாவலில் 'கோவேறு கழுதை' என்று ஒருவன் வருகிறான். பிறர் மனதை மாற்றும் சக்தியோடு பிறந்தவன். எந்தக் கணக்கிலும் வராத தனிமனிதன். முந்நூறு வருடம் பிசகாமல் நடந்த செல்டனின் திட்டத்தை அவன் உடைத்துவிடுகிறான். வளைகுடாவின் கோவேறு கழுதை யப்பானில் தோபா என்ற கடற்கரை ஊரில் 1858 இல் பிறந்தான். பெயர் மிக்கிமோத்தோ கோக்கிச்சி. தகப்பன் ஊடோன் என்ற தடித்த நூடில்ஸ் விற்கும் கடை வைத்திருந்தவர். சாப்பாட்டுக்கடைப் பிள்ளை! 1893 இல் சிப்பிக்குள் கரு வைத்து அரைவட்ட முத்தை வளர்த்தெடுத்தான். 1920 களில் முழு உருண்டை வளர்ப்பு முத்துக்கள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்துவிட்டன. 1929 இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கி, வாங்குவோர் கையையும் கட்டிப்போட்டது. தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில் சில வருடத்தில் படுத்தது. பஹ்ரேனில் 1932 இலும், குவைத்திலும் சவூதியிலும் 1938 இலும் எண்ணெய் வந்தது. அபுதாபி 1962 வரையும், டுபாய் 1969 வரையும் எண்ணெய் ஏற்றுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையிலிருந்த முப்பது, நாற்பது வருடத்தின் பஞ்சத்தைப் பற்றி இங்கே வயோதிபர்கள்தான் சொல்லுவார்கள். கோபுரங்கள் சொல்லமாட்டா. எண்ணெய்தான் முடிவு என்று பின்னால் நின்று பார்க்கும்போது எல்லாம் திட்டப்படி நடந்தது போலத் தெரியும். 1935 இல் கடனோடு கரையில் நின்ற குளிப்பவனுக்கு அப்படித் தெரிந்திருக்காது.

எங்கள் அறையில் மூத்தவரை நானா என்று கூப்பிடுவோம். பிரியாணி மாஸ்டர். அவர் ஊர் மன்னாரின் தெற்கிலுள்ள மரிச்சுக்கட்டி. பாழூரில் ஒரு திண்ணையில் இருந்துகொண்டு, "எங்கட ஊருக்கும் இவங்கள் குளிக்க வந்தவங்கள்" என்றார். நாங்கள் நம்பவில்லை. பிறகு தேடிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியாயிருந்தது. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபத்துக்கு வளைகுடா அரபிகள் உண்மையிலேயே வந்திருக்கிறார்கள். கீழக்கரை முஸ்லிம்களோடும் பரதவர்களோடும் ஒரே கடலில் குளித்திருக்கிறார்கள். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. வெறும் மணற்கரையான மரிச்சுக்கட்டியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பியது. எடுத்த சிப்பியில் மூன்றிலொன்று குளித்தவர்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. அடுத்த வருடம் பிரித்தானிய அரசு கடலை இருபது வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்குக் கொடுத்தது. விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அறிக்கைகள் எழுதி, கணக்கெல்லாம் போட்டிருந்தார்கள். 1907 உடன் சிப்பி அற்றுப்போயிற்று. கம்பனியும் போயிற்று.

இந்த இரண்டு கடலுக்கும் உறவு பழையது. 1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசன் தன் முத்துக்களைக் காட்டி, உங்கள் பக்கத்துத் தீவுகளில் இப்படி உண்டா என்று விசாரித்தான். வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் முத்து இதற்கு ஈடாகாது என்று பயணி சொல்ல, மகிழ்ந்துபோய் அந்த முத்துக்களை அவருக்கே கொடுத்துவிட்டான். பதூதாவின் பயணநூலில் இது இருக்கிறது. எங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஆரியச்சக்கரவர்த்திகளின் போர்கள் இருந்தன. அந்த முத்தைக் கடலுக்குள் இருந்து எடுத்தவர்கள் அங்கேயும் இல்லை.

நானாவின் ஊருக்குச் சலாபம் மீண்டும் பெரிதாக வரவில்லை. வேறொன்று வந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். நானாவுக்கு அப்போது பதினைந்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தார். எங்களில் யாழ்ப்பாணத்தார் இருவர், அந்த வருடத்தைப் பற்றி அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே அறையில் நாலு வருடம் படுத்து எழும்பியும் கேட்டதில்லை. செல்டனின் கதைதான் கேட்கவைத்தது. முப்பதாயிரம் வருட இருளை ஆயிரமாகக் குறைக்கும் கணக்கைச் சொன்ன இரவில் அவர் கேட்டார்: "அது சரி. அந்த ஆயிரம் வருசத்துக்குள்ள இருக்கிறவன் என்ன செய்றது?"

அசிமோவிடம் இதற்குப் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. இப்படிப்பட்ட கணக்கு எங்களுக்குப் புதியதல்ல என்பது மட்டும் அப்போது உறைத்தது. இன்றைய இழப்பு நாளைய விடிவைக் கிட்டக் கொண்டுவரும் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களும், வீட்டுக்கொருவராகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளும் அந்தக் கூட்டல் கழித்தலில் அடங்கினார்கள். மறுபக்கம், 2009 இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு மனிதாபிமான நடவடிக்கை என்று பெயர் வைத்து, பொதுமக்கள் இழப்பைப் பூச்சியம் என்று எழுதினார்கள். இரண்டு பக்கத்திலும் சாத்திரக்காரர் இருந்தனர். இரண்டு பக்கத்திலும் கணக்கு மேலே இருந்தது. மக்களுக்கு அது தெரியக்கூடாது. செல்டன் நல்லவர், அவருடைய திட்டம் பலிக்கிறது என்பதால் நாவலை வாசிக்கும்போது மனம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எங்களுக்கும் சாய்ந்தது. மனம் அப்படிச் சாய்வதைப் பற்றித்தான் எழுத விரும்பினோம்.

இன்னொரு இடமும் எங்களை நிறுத்தியது. டிராண்டர் சூறையாடப்பட்டபோது கோட்டைகளும் அரண்மனையும் அழிந்தன; பல்கலைக்கழகமும் அதன் நூலகமும் தப்பின. ஆயுதம் பிடித்துப் பழகாத மாணவர்கள் அதைச் சுற்றி நின்று காத்தார்களாம். அந்தப் பக்கத்தைச் சொன்னவருக்கு அதற்கு மேல் சொல்ல வரவில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எங்களில் யாரும் பிறந்திருக்கவில்லை, நானாவைத் தவிர. 97,000 க்கு மேற்பட்ட நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. எரித்தவர்களில் சட்டத்தைக் காக்க அனுப்பப்பட்ட பொலிசாரும் இருந்தார்கள். சுற்றி நிற்க எவராலும் முடியவில்லை. எங்களுக்குக் கிடைத்தது திருத்திக் கட்டிய வெள்ளைக் கட்டிடம்.

ஆனால் பிறகு நடந்தது நாவலில் இல்லாதது. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். செல்டன் யாரையும் அனுப்பவில்லை. கலைக்களஞ்சியம் வெறும் சாட்டு என்று பிறகு யாரும் வந்து சொல்லப்போவதுமில்லை. தடைக்காலத்தில் ஆறு கட்டிலிலும் ஆறு கைத்தொலைபேசியில் அதைத்தான் வாசித்தோம். பதினைந்து வருடத்துக்கு முன் விட்ட பாடங்கள் சில அங்கே இருந்தன.

ஓமானில் சலாலாவுக்குக் கிழக்கே கோர் றோறி என்று ஒரு பழந்துறைமுகம். சாம்பிராணி ஏற்றுமதியான இடம். இத்தாலிய அகழ்வாளர்கள் 2006 இல் அங்கே ஒரு பானை ஓட்டை எடுத்தார்கள். அதில் கீறியிருந்த எழுத்துக்கள் தமிழ்ப் பிராமி என்பது 2012 இல்தான் வெளியே தெரிந்தது. 'ணந்தை கீரன்' என்று ஒரு பெயர். கி.பி. முதலாம் நூற்றாண்டு என்கிறார்கள். அவன் வியாபாரியா, மாலுமியா, கப்பலில் சோறு ஆக்கியவனா என்று ஓடு சொல்லவில்லை. அவனை அனுப்பிய அரசனின் பெயரும் அதில் இல்லை. பொதுக் குசினியில் பானை மாறிவிடக்கூடாது என்பதற்காக நாங்களும் எங்கள் டப்பாக்களில் பெயர் எழுதுகிறோம். அவனும் அதற்காகத்தான் எழுதியிருப்பான் என்பது எங்கள் அறையின் முடிவு. ஆராய்ச்சியாளர்கள் மன்னிக்கவும்.

கோவேறு கழுதையை அந்த இரண்டாவது நாவலின் முடிவில் தடுப்பது செல்டனின் கணிதம் அல்ல. பேய்ற்றா என்ற ஒரு சாதாரணப் பெண். கோமாளி வேடத்தில் வந்த அவன் மேல் அவள் இரக்கப்பட்டாள். தன்னை உண்மையாக விரும்பிய ஒரே ஆள் என்பதால் அவளுடைய மனதை மட்டும் அவன் மாற்றாமல் விட்டிருந்தான். அதனால்தான் அவளால் உண்மையைக் காண முடிந்தது. அந்தப் பகுதியை நானா இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

நானாவின் விசா முடிந்துவிட்டது. புத்தளத்துக்குப் போயிருக்கிறார். மரிச்சுக்கட்டியில் பழைய காணிக்குள் காடு ஏறியிருக்கிறது என்று செய்தி அனுப்பினார். போகுமுன், அரபிக் குளிப்பாளர்களைப் பற்றி அவருடைய வாப்பாவின் வாப்பா சொன்னவற்றைச் சொல்லச் சொல்லி, இரண்டு இரவு எழுதிக்கொண்டோம். 1990 ஐப் பற்றி அவர் சொன்னதையும் எழுதியிருக்கிறோம். மொத்தம் பதினெட்டுப் பக்கம். மன்னார்க் கரையில் குளித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அவர்களை அறிந்தவர்கள் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறீர்களாயின், வீட்டில் வயோதிபர் இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழை பற்றி யோசிக்கவேண்டாம். எங்கள் பதினெட்டுப் பக்கத்திலும் நிறைய இருக்கின்றன.